தேய்ந்த மூட்டுக்கு வலு சேருமா?

"மூட்டு தேஞ்சுபோச்சும்மா. படி ஏறாதீங்க, கீழே உக்காராதீங்க, கனம் தூக்காதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க." கடலூர் மாவட்டத்தில் ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினால் இந்த அறிவுரை ஏறக்குறைய இதே வரிசையில் வந்து விழும். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த ஒரு நிமிடத்தில் சொன்னது, ஒருவருடைய மீதி வாழ்நாளையே தீர்மானித்துவிடுகிறது. சொன்னதை ஒழுங்காகக் கேட்கிறவர் முதலில் மாடிப்படியை விடுகிறார், பிறகு கடைத்தெருவை, பிறகு கோயிலை. ஓரிரு வருஷத்தில் தொடைச் சதை வற்றிவிடுகிறது. கட்டிலிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. வலி போனதா என்றால் அதுவும் போகவில்லை.

நாள்பட்ட மூட்டு நோயோடு வாழ்கிறவர் உடம்பில் வலுவைக் கூட்டிக்கொள்ள முடியுமா, கூட்டினால் மூட்டு இன்னும் கெடாதா, எவ்வளவு, எப்படி? கடந்த எண்பது ஆண்டுகளில் மருத்துவம் இந்தக் கேள்விக்குத் தந்த பதில் மெல்ல மெல்லத் தலைகீழாக மாறியிருக்கிறது. அந்த மாற்றம் வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்து வீடுகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. ஓய்வு என்ற பெயரில் நாம் பலரை முடக்கி வைத்திருக்கிறோம் என்பதே என் துணிபு.

முதலில் நோய்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலி என்று பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது நான்கு நோய்கள் இருக்கின்றன. வயதோடும் எடையோடும் வேலையோடும் வரும் மூட்டுத் தேய்மானம்தான் இவற்றில் மிகப் பெரியது. இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஆராயப்பட்டவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகக் கண்டது. பெண்களுக்கே அதிகம். அடுத்தது முடக்குவாதம், பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். உடம்பின் எதிர்ப்பாற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்கும் நோய் இது, முப்பது வயதிலும் வரும். மூன்றாவது, இளைஞர்களின் முதுகுத்தண்டை இறுக்கிவிடும் அழற்சி. நான்காவது நம் ஊர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 2006இல் தமிழ்நாடு முழுக்கப் பரவிய சிக்குன்குனியா, காய்ச்சல் போன பிறகும் பலரைக் கூன வைத்து நடக்கவிட்டது. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், கையும் காலும் பிடித்துக்கொண்டன. அதே நோய் 1964இல் சென்னையையும் உலுக்கியிருக்கிறது.

நான்கும் வேறு வேறு நோய்கள். மருந்தும் வேறு. ஆனால் நான்கிலும் நடக்கும் ஒரு காரியம் பொது. மூட்டைச் சுற்றியுள்ள தசை மெலிகிறது.

அது ஏன் மெலிகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. வலிப்பதால் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்தாததால் மெலிகிறது என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். 1984இல் நடந்த ஒரு சோதனையில், எந்த நோயும் இல்லாத முழங்காலுக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். 20, 30 மில்லி நீர் போனதுமே, வலி இல்லாதபோதும், தொடையின் உட்புறத் தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை மங்கியது. 50, 60 மில்லி ஆனபோது தொடையின் மற்றத் தசைகளும் அடங்கின. மூட்டு வீங்கினால் தண்டுவடமே தசையை அடக்கி வைக்கிறது. "காலு திடீர்னு வழுக்கிவிட்ட மாதிரி மடங்கிடுது" என்று சொல்கிறவரிடம் சோம்பலும் இல்லை, பயமும் இல்லை. கட்டளை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். முடக்குவாதத்தில் இன்னொரு கேடும் சேர்கிறது. உடம்பு முழுக்க ஓடும் அழற்சி தசையைக் கரைக்கிறது. உடல் எடை குறையாமலே இது நடப்பதால், தசை போன இடத்தில் கொழுப்பு ஏறுவது வெளியே தெரிவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் முதியோரைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களிடம் தொடைத் தசையின் பலவீனம் தேய்மானத்துக்கு முன்பே வருகிறது என்றது. பிறகு வந்த தொகுப்பாய்வுகளும் அதைப் பெரும்பாலும் ஒப்புக்கொண்டன. ஆக, நோய் பலவீனத்தைத் தருகிறது, பலவீனம் நோய்க்கு வழிவிடுகிறது. இந்தச் சுற்றை எங்காவது ஓர் இடத்தில் அறுத்தாக வேண்டும்.

இங்கே கடலூர் மாவட்டத்துப் பெண்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் உடற்பயிற்சியைப் பற்றி எழுதுவது அவர்களை அவமதிப்பதாகும். "நாள் பூரா குனிஞ்சி நிமிர்றேன், இதுக்கு மேல இன்னா எக்சர்சைஸ் கேக்குது?"

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தொழிலில், காய்ந்த கொட்டையை உடைப்பதிலும் பருப்பின் தோலை உரிப்பதிலும் பெரும்பாலும் பெண்கள்தான். ஒரு காலை மடக்கி, ஒரு காலைக் குத்துக்காலிட்டு, தரையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். வேலை முழுக்கக் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும். இடுப்பும் முழங்காலும் ஒரே மடிப்பில் உறைந்திருக்கும். எழும்போது முதல் நாலடி தள்ளாட்டம்தான். வீராணத்துப் பாசனத்தில் காட்டுமன்னார்கோவில் பக்கம் நடவு நடும் பெண்கள் சேற்றில் கால் புதைய, இடுப்பை மடக்கிப் பின்னோக்கி நகர்கிறார்கள். பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து இருளர் பெண்கள் கழிமுகத்து நீரில் தவழ்ந்தபடி கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்தைச் சுற்றிய ஒப்பந்த வேலைகளில் கனம் தூக்கிப் பழுதான முதுகுகளைத் தனியே எழுத வேண்டும்.

இந்த உழைப்பெல்லாம் ஏன் வலுவாக மாறவில்லை? தசை வளர மூன்று காரியங்கள் வேண்டும். இப்போதைய திறனைவிடச் சற்றே கூடுதலான சுமை, அது முடிந்தபின் ஓய்வு, ஓய்வில் தசையைக் கட்டப் போதிய புரதம். நடவிலும் முந்திரியிலும் சுமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒரே நிலை ஆயிரம் முறை திரும்ப வருகிறது. ஓய்வு முதலாளி கையில் இருக்கிறது. புரதம் ரேஷன் அரிசியில் போதாது. தசைக்குப் பயிற்சி கிடைக்காமல் மூட்டுக்கு மட்டும் தேய்மானம் கிடைக்கும் ஏற்பாடு இது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்தில் 1991இல் வெளியான ஆய்வு, முழங்காலை அடிக்கடி மடக்கிச் சுமை தூக்கும் வேலை பார்த்த ஆண்களுக்குப் பிற்காலத்தில் தேய்மானம் கூடுதலாக வருவதைக் காட்டியது. பெய்ஜிங்கில் 2004இல் வெளியான ஆய்வும், இளமையில் நெடுநேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் நோய் அதிகம் என்றது. உழைப்பையும் பயிற்சியையும் ஒன்றாக்கிப் பேசும் மருத்துவர், அந்தப் பெண் கேட்டதைக் காதில் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சுமையைக் கணக்கிட்டு ஏற்றுவது என்ற யோசனைக்கு ஒரு பிறந்த தேதி இருக்கிறது. தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்கர் பதினாறு வயதில் வாதக்காய்ச்சலில் விழுந்தார். இனி உடம்பை வருத்தக் கூடாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் எடை தூக்கிப் பழகித் தேறி, பிறகு தானே மருத்துவரானார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில், முழங்கால் அறுவை செய்துகொண்டு மாதக்கணக்கில் தேறாமல் கிடந்த சிப்பாய்களின் பாதத்தில் இரும்புக் காலணி கட்டி, எடையை வாரா வாரம் கூட்டினார். 1945இல் அவர் எழுதிய கட்டுரை, பலவீனமான தசைக்கு அதிகச் சுமையைக் குறைந்த முறை கொடுக்க வேண்டும், குறைந்த சுமையை ஆயிரம் முறை கொடுத்துப் பலனில்லை என்று வாதிட்டது. நம் ஊர் ஆண்களுக்குக் கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கனத்தைப் படிப்படியாகக் கூட்டும் வித்தை அங்கே இருந்தது. நோயாளிக்கும் பெண்ணுக்கும் மட்டும் அது எட்டாமலிருந்தது.

வயதானவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்ற ஐயம் 1990இல் தீர்ந்தது. பாஸ்டனின் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதான பத்துப் பேர் எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய கால்வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. அவர்களில் மூட்டு நோய் உள்ளவர்களும் இருந்தார்கள்.

முடக்குவாதத்தில் மாற்றம் இன்னும் மெதுவாக வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் படுக்கை ஓய்வும் கட்டையும் கட்டும்தான் சிகிச்சை. அசைத்தால் மூட்டு அரிக்கும் என்ற அச்சம். நெதர்லாந்தில் சுமார் 300 நோயாளிகளை வைத்து இரண்டு ஆண்டுகள் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு அந்த அச்சத்தை உடைத்தது. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்துக்கு மேல். சைக்கிள் மிதித்தார்கள், எடை தூக்கினார்கள், பந்து விளையாடினார்கள். உடல் திறனும் மனமும் தேறின. எக்ஸ்ரேயில் மூட்டுச் சேதம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. ஏற்கெனவே பெரிய மூட்டு நிறையச் சேதமானவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை என்று ஆய்வாளர்களே குறித்தார்கள், அதை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் 490 பேரிடம் கைகளுக்கென்றே வகுத்த வலுப்பயிற்சி, ஓராண்டுக்குப் பின்னும் கையின் செயல்திறனைக் கூட்டியிருந்ததை 2015இல் வெளியிட்டார்கள். சட்டைப் பொத்தான் போடவும், குடத்து மூடியைத் திருகவும், பேருந்துக் கம்பியைப் பிடிக்கவும் முடிவது சிறிய காரியமில்லை.

ஆனால் முடக்குவாதத்தில் பயிற்சி மருந்துக்குத் துணைதான், மருந்துக்குப் பதில் ஆகாது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைச் சீக்கிரம் தொடங்குவதே மூட்டைக் காக்கும். அது வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. மூட்டு சுட்டு, சிவந்து, வீங்கியிருக்கும் நாட்களில் எடை வேண்டாம். அசைவைக் காப்பாற்றிக்கொள்ளும் மென்மையான நீட்டல் போதும், தசையை இருந்த இடத்திலேயே இறுக்கித் தளர்த்தினால் போதும்.

சிக்குன்குனியாவுக்குப் பிந்திய மூட்டு வலிக்கு ஆய்வுகள் குறைவு. பிரேசிலில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், நீளும் ரப்பர் பட்டை கொண்டு பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்தவர்களுக்கு நாற்காலியிலிருந்து எழும் திறன் கூடியிருக்கிறது, வலி குறைந்திருக்கிறது. 2006இல் படுத்த நம் ஊர்களில் இப்படி எவரும் பார்த்திருந்தால் எத்தனை பேர் பயனடைந்திருப்பார்கள் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தேய்மானத்துக்கு வருவோம். 1997இல் அமெரிக்காவில் அறுபது வயது தாண்டிய 439 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நடை, ஒரு பிரிவுக்கு எடைப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு வெறும் அறிவுரை என்று பதினெட்டு மாதம் நடத்தினார்கள். நடந்தவர்களும் எடை தூக்கியவர்களும் தேறினார்கள். ஆனால் தேறிய அளவு பத்து சதவீதத்தை ஒட்டித்தான். 2024இல் காக்ரேன் அமைப்பு 139 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதே நிதானம்தான். பயிற்சி வலியைக் குறைக்கிறது, செயல்திறனைக் கூட்டுகிறது. அந்தக் குறைவு நோயாளி உணரும் அளவுக்குப் பெரியதா என்பதில் மட்டும் உறுதி இல்லை. 2021இல் வந்த இன்னொரு முடிவு பலரை ஏமாற்றியது. 377 பேரில் ஒரு பிரிவுக்குக் கடும் எடை, ஒரு பிரிவுக்கு லேசான எடை, ஒரு பிரிவுக்கு எடையே இல்லை. பதினெட்டு மாத முடிவில் முழங்கால் வலியில் மூன்று பிரிவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

இதை வைத்துப் பயிற்சி வீண் என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. வலியைப் போக்கும் மாத்திரையாக வலுவை விற்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வலு எதற்கு வேண்டும் என்றால், வலி இருக்கும்போதே எழுந்து நிற்க, விழாமல் நடக்க, கழிவறைக்குப் பிறர் துணையின்றிப் போக. கடும் எடை லேசான எடையைவிட வலியைக் குறைக்காது என்ற செய்தி ஏழைகளுக்கு நல்ல செய்தியும்கூட. ஜிம்முக்குப் போகாமல் வீட்டில் செய்வதே போதும் என்று அதற்குப் பொருள்.

வீட்டில் எப்படிச் செய்வது? நம் வாழ்க்கை தரையில் நடக்கிறது. சாப்பிடுவது, காய் நறுக்குவது, கோலம் போடுவது, பந்தியில் உட்கார்வது எல்லாம் தரையில். "கீழே உட்காராதே" என்ற அறிவுரை மேற்கத்திய வீட்டில் ஒன்றும் செய்யாது, இங்கே ஒருவரைக் குடும்பத்திலிருந்தே பிரித்துவிடும். ஆகவே உட்கார்ந்து எழுவதையே பயிற்சியாக்குவதுதான் பொருத்தம். சுவரை ஒட்டி ஒரு நாற்காலி. அதன்மேல் ஒரு தலையணை, வலி அதிகமென்றால் இரண்டு. முன்நுனியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் வரை குனிந்து, கையை மார்பில் கட்டியபடி எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணி இறங்க வேண்டும். தசை கட்டப்படுவதில் பாதி இந்த இறக்கத்தில்தான். எட்டு முறை செய்து ஓய்வு, மறுபடி எட்டு, முடிந்தால் இன்னொரு எட்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். இது எளிதாகிவிட்டால் ஒரு தலையணையை எடுத்துவிடலாம், பிறகு அடுத்ததை, பிறகு தாழ்ந்த முக்காலி. அதற்குப் பிறகு கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம். எல்லோரும் மனைப்பலகை வரை இறங்க வேண்டியதில்லை. எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து ஒரு விரற்கடை கீழே போனால் போதும்.

தொடைக்கு இன்னொன்று. பழைய பேன்ட்டின் கால் துணியை வெட்டிப் பையாகத் தைத்து அரைக் கிலோ மணல் நிரப்பிக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். வாரங்கள் போகப் போக மணலைக் கூட்டலாம். டிலோர்மின் இரும்புக் காலணி செய்ததும் இதைத்தான்.

முன்னேற்றத்தை அளக்க ஒரு கடிகாரம் போதும். முப்பது விநாடியில் கை ஊன்றாமல் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். அமெரிக்க அளவுகோல்படி அறுபதிலிருந்து அறுபத்து நாலு வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே. அந்த எண்ணைவிட, இந்த மாதம் சென்ற மாதத்தைவிட ஒன்று கூடியதா என்பதே முக்கியம்.

வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா? இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய மூட்டு நோயாளிகள் திட்டம் இதற்கு ஓர் எளிய விதி வைத்திருக்கிறது. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை அளந்தால், பயிற்சியின்போது ஐந்துவரை போவதில் பயமில்லை. ஆனால் கூடிய வலி இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அடுத்த முறை சுமையைக் குறைக்க வேண்டும், விடக் கூடாது. வலி வந்தால் சேதம் என்று இத்தனை நாள் நம்பியவருக்கு இந்த விதி பெரிய விடுதலை. காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கினாலோ, மூட்டு பூட்டிக்கொண்டு நகராவிட்டாலோ, கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ அது வேறு கதை. உடனே மருத்துவமனை.

கைத்தடியைப் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் பார்ப்பவர்களில் பாதிப் பேர் வலிக்கிற காலின் பக்கமே தடியைப் பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் மூட்டின் சுமை குறையும். படி ஏறும்போது நல்ல காலை முன்வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கிற காலை. இதைச் சொல்லித்தர முப்பது விநாடி ஆகும், சொல்லத்தான் ஆளில்லை.

இனி உணவு. வடலூரில் இருந்துகொண்டு உணவைப் பேசாமல் உடம்பைப் பேச முடியாது. வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி இங்கே சத்திய தருமச் சாலையைத் தொடங்கியபோது ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியை அவர் பிணிகளின் தலைமையில் வைத்தார். உடம்பைப் பொய்யென்று தள்ளாமல் அதைக் காக்கும் கடமையை வலியுறுத்தினார். எழுவது, உண்பது, உறங்குவது எல்லாவற்றுக்கும் ஒழுங்கு வகுத்து எழுதினார். அந்த மரபில் நின்று இன்று கேட்க வேண்டியது: வயிறு நிறைகிறது, தசைக்குப் போதிய புரதம் கிடைக்கிறதா? தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம். முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது முதுமை மருத்துவ வல்லுநர்கள் கருத்து. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 50, 60 கிராம். சோறும் ரசமும் ஊறுகாயுமாய் மூன்று வேளை போனால் இதில் பாதிகூட வராது.

சைவமாகவே இதை எட்ட முடியும், அதுவும் இந்த மாவட்டத்தில் விளைவதைக் கொண்டே. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் நிலக்கடலை ரகங்களையும் முந்திரி ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழெட்டு கிராம் புரதம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் அதே அளவு. காராமணி, உளுந்தங்களி, மோர், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து. முட்டை சாப்பிடுகிறவருக்கு வேலை இன்னும் சுலபம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எடை கூடியவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து சொன்னார்கள். ஆனால் பயிற்சி இல்லாமல் பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும்.

சித்த மருத்துவம் இந்த நோய்களை நெடுங்காலமாக அறியும். கீல்வாயுவைப் பத்து வகையாகப் பிரித்தது சபாபதி கையேடு. அழல் கீல்வாயு என்ற பெயரில் தேய்மானத்துக்கு அரசு சித்த மருத்துவமனைகளில் சிகிச்சை தருகிறார்கள். தைலம் தேய்த்து ஒற்றடம் கொடுத்தால் இறுக்கம் தளரும், அந்தத் தளர்ச்சியில் பயிற்சி செய்வது எளிது. முடக்கத்தான் தோசை நல்ல உணவு. எனக்குக் கவலை வேறு இடத்தில். பெயரில்லாப் பொட்டலத்தில், சீட்டில்லாமல் விற்கும் "வாதப் பொடி" இரண்டே நாளில் வலியை நிறுத்தினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும் என்று ஐயுறுவதே நல்லது. இப்படிக் கலந்த பொடிகளை மருத்துவர்கள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு நெடுநாள் போனால் எலும்பு உளுத்துப்போகும், இடுப்புத் தசையும் தொடைத் தசையும் கரையும். எந்த வலுவைச் சேர்க்கப் பாடுபடுகிறோமோ அதையே அது தின்றுவிடும். அப்படிச் சாப்பிட்டு வந்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகவே விட வேண்டும்.

அறுவை சிகிச்சை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடைசிக் கட்டத் தேய்மானத்துக்கு முழங்கால் மாற்று நல்ல சிகிச்சைதான். அறுவைக்கு முன் தொடை வலுவாக இருப்பவர் பின்னால் சீக்கிரம் நடக்கிறார். காலை மாற்றிவிட்டால் பயிற்சி வேண்டாம் என்ற நினைப்பில்தான் மாற்றிய காலும் மடங்காமல் போகிறது.

அரசு என்ன செய்கிறது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்ததோடு இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் இது பெரிய பாய்ச்சல், மனமாரப் பாராட்ட வேண்டியது. ஆனால் ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்றால், பக்கவாதத்தில் படுத்திருப்பவர்களைப் பார்க்கவே அவருடைய நாள் தீர்ந்துவிடும். நடமாடிக்கொண்டே மெல்ல மெல்ல முடங்கும் முழங்கால்காரர் அவருடைய பட்டியலுக்கு வருவதற்குள் காலம் கடந்துவிடும். தனியார் இடங்களில் பத்து நாள் "கரண்ட் வைத்து" அனுப்புவதோடு முடிகிறது. கரண்ட் வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், தசையைக் கட்டாது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகியிருக்கும் மருத்துவமனைக்கு வரும் கூட்டத்தில், ஒருவருக்குப் பயிற்சியைச் செய்துகாட்டித் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்க்க நேரம் கிடைப்பது அரிது.

வேலையிடத்தைத் தொடாமல் இது முடியாது. முந்திரிக் கூடத்தில் தரைக்குப் பதில் முழங்கால் உயரத்துப் பெஞ்சும் அதற்கேற்ற மேசையும், மணிக்கொரு முறை எழுந்து நடக்க ஐந்து நிமிடமும் கொடுத்தால் பெரிய செலவில்லை. துண்டுக் கூலி முறையில் அந்த ஐந்து நிமிடம் தொழிலாளியின் கூலியிலிருந்து போகக் கூடாது.

டென்மார்க் திட்டத்தின் கட்டுமானத்தை இங்கே கொண்டுவர முடியும் என்று நினைக்கிறேன். அங்கே ஒருவர் தனியாகப் பயிற்சி செய்வதில்லை. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் குழுவாக, வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். மொத்தம் பன்னிரண்டு கூடுகைகள், அதன்பின் வீட்டில் தொடர்கிறார்கள். நம்மிடம் கூடும் இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மகளிர் சுயஉதவிக் குழு கூடுகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்களே அந்தக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள்தான். வடலூரில் தருமச் சாலையைச் சுற்றி ஒவ்வொரு வேளையும் முதியவர்கள் கூடுகிறார்கள். பந்திக்கு முன்னால் அரை மணி நேரம், இருபது நாற்காலி, நாற்பது தலையணை, மணல் பைகள், வாரம் இரண்டு முறை வந்துபோகும் ஒரு பிசியோதெரபிஸ்ட், மற்ற நாட்களில் எண்ணிக்கையைக் குறித்துவைக்க ஒரு தன்னார்வலர். குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் ஓரிடத்தில் ஆறு வாரம் நடத்தி, முப்பது விநாடிக் கணக்கை முதல் நாளும் கடைசி நாளும் எழுதிவைத்தால், அடுத்த ஊருக்கு எதைக் கொண்டுபோவது என்று தெரிந்துவிடும்.